குண்டூசிக்குக் கீழே

எங்கள் பள்ளியில் தண்ணீர் எப்போதும் மேலேதான் ஏறும். ஏறியாக வேண்டும். பிளஸ் ஒன் தாவரவியல் செய்முறையில் உருளைக்கிழங்குச் சோதனை என்று ஒன்று உண்டு. கிழங்கின் தோலைச் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டி, அதில் சர்க்கரைக் கரைசலை ஊற்ற வேண்டும். கரைசல் நிற்கும் மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டு, கிழங்கைத் தண்ணீர் உள்ள முகவையில் உட்கார வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், முகவைத் தண்ணீர் கிழங்கின் சவ்வுகளைத் தாண்டி உள்ளே போய், கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறியிருக்கும். சவ்வூடு பரவல் என்று இதற்குப் பெயர். நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும், அவ்வளவுதான் விஷயம்.

ஏறியிருக்கும் என்று புத்தகம் சொல்கிறது, கைடு சொல்கிறது, போன வருடத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆகவே கிழங்கை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தே தீருவேன் என்று நின்ற ஒரே ஆள் கலைமணி மிஸ். அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதே பள்ளியில் விலங்கியல் எடுப்பவன். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் வந்தால் சாலையோரம் ஒரு நீண்ட நீல மதில் தெரியும். அதுதான் பள்ளி, அதற்குள்ளேயே விடுதி. காலையில் ஒரு தேர்வு, மாலையில் ஒரு தேர்வு, இடையில் நேரம் கிடைத்தால் பாடம். ஆய்வுக்கூடம் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது திறந்து, தூசி தட்டி, எல்லாச் சோதனைகளையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார்கள். முடிப்பது என்றால், முடிவுகளைச் சொல்லி எழுத வைப்பது. இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. வெட்கப்பட்டால் வேலைக்கு ஆகாது.

கலைமணி ராசிபுரத்துக்காரர், நெசவுக் குடும்பம். சேலத்தில் எம்.எஸ்சி. படித்தவர். கணவர் மாதேஸ்வரன் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயாவது போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்து போவார். மிஸ்ஸுக்கு வெண்கலக் குரல். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும், அதைத் தேடித்தான் தினமும் பாதி நேரம் போகும். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பார். பூதக்கண்ணாடி எங்கே, பர்மாங்கனேட் பாட்டிலை யார் காலி செய்தது, பிள்ளைகளை ஏன் நேரத்துக்கு அனுப்பவில்லை என்று ஆய்வுக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தவர். அவர் வருவதைப் பார்த்தால் அலுவலகத்தில் எல்லோரும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு வருடம் முட்டையைக் காடியில், அதான் வினிகரில், ஊறப்போட்டார். இரண்டு நாளில் ஓடு கரைந்து, வெறும் தோலோடு முட்டை நின்றது. அதைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரைக் குடித்து உப்பியது. சர்க்கரைப் பாகில் போட்டால் சுருங்கியது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கோழிப்பண்ணைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், முட்டைக்குள் இப்படி ஒரு சவ்வு இருப்பதை அன்றுதான் கண்டார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அந்த ஆரவாரத்தில் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை, வேதியியல் தேர்வுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனார்கள். மறுநாளே முதல்வர் சுவாமிநாதன் முட்டைக்குத் தடை போட்டுவிட்டார். நாமக்கல் மாவட்டத்தில், முட்டைக்குத் தடை!

கலைமணி அன்று ஆசிரியர் அறையில் என் எதிரில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே கோபப்பட்டார்.

“எனக்கு என்ன சார் வேணும்? ஒரு புள்ள, ஒரே ஒரு புள்ள, தான் கண்ணுல பார்த்தத எழுதோணும். அது போதுமுங்க எனக்கு.”

“அதெல்லாம் ஆகற காரியமுங்களா மிஸ்? டீயைக் குடிங்க” என்றேன்.

அந்த ஒரு பிள்ளை போன வருடத்துக்கு முந்தின வருடம் வந்தது. தனப்பிரியா என்று பெயர். சேந்தமங்கலம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்கிறார்கள், பண்ணைக்குள்ளேயே குடியிருப்பு. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததால் எங்கள் பள்ளியே வீடு தேடிப் போய் அழைத்து வந்த பெண். தமிழ்வழிப் பிரிவு. அவளுக்குக் கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். ஆனால் சும்மா இல்லை. அந்த வருடம் பிளஸ் ஒன்னுக்கும் அரசுத் தேர்வு இருந்தது. அதில் பள்ளியின் முதல் வரிசையில் நின்றால்தான் பிளஸ் டூவுக்கு அந்தச் சலுகை தொடரும். இல்லாவிட்டால் முழுக் கட்டணம்; முடியாதென்றால் மாற்றுச் சான்றிதழ். அந்த வரிசையில் ஒரு மதிப்பெண் இடைவெளியில் ஐந்தாறு பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். செய்முறையில் முழு மதிப்பெண் வாங்காதவர் என்று எங்கள் பள்ளியில் ஒருவர்கூடக் கிடையாது. அதில் ஒன்று குறைந்தால் அந்தப் பெண் பண்ணைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஜனவரியில் ஒரு நாள் கலைமணி எப்படியோ சண்டை போட்டு, கிழங்குச் சோதனைக்கென்று முதல்முறையாக இரண்டு பாட வேளைகளை வாங்கிவிட்டார். கிழங்கை வீட்டிலிருந்தே பையில் கொண்டுவந்தார். சர்க்கரை மட்டும் விடுதிச் சமையற்கட்டில் கேட்டார். அங்கே ஒரு டம்ளர் கொடுத்து, எல்லாப் பிரிவுக்கும் இதுவே போதும் என்றார்கள். கரைசல் என்று அதைச் சொல்வதே அதிகம். எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது. நான் பக்கத்து மேசையில் தவளை எலும்புகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் கிழங்கைக் கையில் எடுப்பதற்குள் கலைமணி ஒருவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவன் எழுதியே முடித்திருந்தான்.

“ஏஞ்சாமி, கெழங்கே இன்னும் வெட்டல. அதுக்குள்ள தண்ணி ஏறிருச்சா?”

அவன் எழுந்து நின்றான். “ஏறுமுங்க மிஸ்.”

“ஏறுமா, ஏறிருச்சா?”

“ஏறிருமுங்க மிஸ்.”

தனப்பிரியாவைத் தவிர வகுப்பு முழுக்க அப்படித்தான் எழுதியிருந்தது. கலைமணி கொண்டையிலிருந்த பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். பிறகு வெட்ட வைத்தார், குழி தோண்ட வைத்தார், ஊசி குத்த வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் அடுத்த தேர்வுக்கு மனப்பாடம் செய்தார்கள். நேரமானதும் போய்ப் பார்த்தால் எல்லாக் கிழங்கிலும் கரைசல் குண்டூசிக்குக் கீழே இறங்கியிருந்தது.

மிஸ்ஸுக்கே ஒன்றும் புரியவில்லை. ஒரு கிழங்கை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார், ஓட்டை எதுவும் இல்லை. அப்புறம் முகவைத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

“அட, உப்புக் கரிக்குது!”

எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பள்ளியின் பின்னால் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதன் சவ்வைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போகும். சவ்வு தள்ளிவிட்ட உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீரைக் கீழே விட மனமில்லாமல் கக்கூசுக்கும், செடிக்கும், ஆய்வுக்கூடத்துக்கும் குழாய் போட்டுவிட்டார்கள். கை கழுவத்தானே என்று நினைத்திருப்பார்கள். ஆக, கிழங்குக்கு உள்ளே இருந்தது ஒரு டம்ளர் சர்க்கரையை ஊருக்கே பங்கிட்ட தண்ணீர். வெளியே இருந்தது உப்புத் தண்ணீர். அடர்த்தி வெளியேதான். தண்ணீர் போக வேண்டிய பக்கம்தான் போயிருக்கிறது.

கலைமணிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கரும்பலகையில் படம் போட்டார். புத்தகத்தில் இருப்பதைவிட இது பெரிய விஷயம் என்றார். ஏறினாலும் அதே விதிதான், இறங்கினாலும் அதே விதிதான், எது நடந்ததோ அதை எழுதுங்கள், ஏன் நடந்தது என்று எழுதுங்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். “எக்ஸ்டர்னல் சார் ஒத்துக்குவாருங்களா மிஸ்?”

மதிப்பெண் போட வெளியிலிருந்து வரும் தேர்வாளரைச் சொன்னான். அதோடு முடிந்தது. மிஸ் அடித்ததற்குக் கீழே எல்லோரும் மறுபடியும் ‘உயர்ந்துள்ளது’ என்றே எழுதினார்கள். தனப்பிரியா மட்டும் ‘இறங்கியுள்ளது’ என்று எழுதினாள். முகவையில் விரலை விட்டு அவளும் நாக்கில் வைத்துப் பார்த்ததை நான் கண்டேன். கலைமணி அன்று முழுக்கப் பள்ளியில் யாரைப் பார்த்தாலும் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினார். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இங்கே நல்லது எதுவும் சும்மா நடந்துவிடாது.

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு மிஸ் முதல்வரிடம் போனார். நானும் துணைக்குப் போனேன். சுவாமிநாதன் கெட்டவர் இல்லை. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையாகத்தான் பேசுவார்.

“தண்ணி ஏறுனா என்னங்கம்மா, எறங்குனா என்னங்க? மார்க் ஏறுதான்னு பாருங்க, போதும்.”

“சார், தண்ணி தப்பா இருந்தா சோதனையே தப்பாப் போயிருமுங்க.”

“இத்தன வருசமா இதே தண்ணிதானுங்களே? ஒருத்தருக்கும் தப்பாப் போகலையே?”

மிஸ் வெளியே வந்து மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “சரி விடுங்க சார், பரீட்சையன்னிக்கு நானே கேன் தண்ணி வாங்கியாந்துர்றேன். நல்ல தண்ணி ஊத்துனா கொஞ்சமாவது ஏறும். எல்லாத்துக்கும் ஏறிருச்சுன்னா ஒரு வம்பும் இல்லீங்களே” என்றார். தனப்பிரியாவை நினைத்துத்தான் சொன்னார். அவள் பார்த்ததைத்தான் எழுதுவாள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பார்ப்பதற்குச் சரியானதை வைத்துவிட வேண்டும்.

சொன்னபடியே தேர்வன்று ஆட்டோவில் பெரிய கேன் வந்து இறங்கியது. ஆய்வுக்கூட உதவியாளர் அங்கம்மாளிடம், “அக்கா, கெழங்குக்கு இந்தத் தண்ணியத்தான் ஊத்தோணும், மறந்துராதீங்க” என்று மிஸ் இரண்டு முறை சொல்லிவிட்டு, வெளியிலிருந்து வந்த தேர்வாளரை வரவேற்கப் போய்விட்டார்.

தேர்வாளர் குணசீலன், ஆத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிக்காரர். காலையில் ஒரு பள்ளியை முடித்துவிட்டு வந்திருந்தார், இங்கே முடித்துவிட்டு இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். களைத்த முகம். விலங்கியலுக்கு உள் தேர்வாளன் என்பதால் நானும் அதே அறையில் இருந்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து கிழங்கை வெட்டினார்கள், கரைசல் ஊற்றினார்கள், ஊசி குத்தினார்கள், அங்கம்மாள் முகவைகளில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரில் வைத்தார்கள். நேரம் ஆனது. நான் சும்மா நடந்துபோய் ஒரு கிழங்குக்குள் எட்டிப் பார்த்தேன். கரைசல் கீழே இருந்தது. அடுத்ததிலும் அப்படியே.

கலைமணியும் பார்த்துவிட்டார். ஓடிப்போய் மூலையில் இருந்த கேனைப் பார்த்தார். அதன் மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

“அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?”

அங்கம்மாள் பயந்துவிட்டார். “குடிக்கற தண்ணிங்க மிஸ் அது. கெழங்க முக்கறதுக்கு ஊத்த மனசு வருமுங்களா? வெயில் இந்தக் காய் காயுது, புள்ளைங்க குடிக்கட்டும்னு வெச்சனுங்க. கொழாய்த் தண்ணியும் தண்ணிதானுங்களே?”

அவரை என்ன சொல்ல முடியும்? கோடையில் குடம் வைத்துக் காத்துக் கிடக்கிற ஊரிலிருந்து வருகிறவர். நல்ல தண்ணீரை ஒரு கிழங்கின் தலையில் கொட்டு என்றால் டம்ளரைக் கவிழ்த்து மூடித்தான் வைப்பார்.

மற்ற பிள்ளைகளைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் கிழங்கின் பக்கம் திரும்பாமலே ‘உயர்ந்துள்ளது’ என்று எழுதி முடித்திருந்தார்கள். தனப்பிரியா மட்டும் முகவைக்கு நேராகக் குனிந்து, ஊசியைப் பார்த்து, விரலை நனைத்து நாக்கில் வைத்து, பிறகு எழுதினாள். குணசீலன் அவள் மேசைக்கு வந்தபோது அங்கேயே நின்றுவிட்டார். தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“மேடம், இந்தப் பொண்ணு இறங்கியிருக்குன்னு எழுதியிருக்கு. என்ன இது?”

“எறங்கித்தான் இருக்குதுங்க சார். வந்து பாருங்க. வெளிய இருக்கற தண்ணி உப்புங்க, உள்ள சர்க்கரை பத்தல. காரணமும் எழுதியிருக்கறா பாருங்க, எவ்வளவு அழகா எழுதியிருக்கறா!” கலைமணி முகவையையே தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

குணசீலன் நல்ல மனிதர்தான். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஆமா, நல்லா உப்புக் கரிக்குது” என்றார். கிழங்கையும் பார்த்தார். “இறங்கித்தான் இருக்கு. பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு.”

கலைமணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

“ஆனா மேடம்,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி, “இது சரின்னா மத்த பிள்ளைங்க எழுதினது என்ன? அத்தனை பேரும் ஏறியிருக்குன்னு எழுதியிருக்காங்க. எல்லாரோட முகவையிலயும் இதே தண்ணிதானே? இந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போட்டா மத்தவங்களுக்கெல்லாம் நான் குறைக்கணும். மத்தவங்களுக்குப் போட்டா இதுக்குக் குறைக்கணும். நீங்களே சொல்லுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தேர்வாளரை அடிக்கவும் முடியாது, அவர் சொன்னதில் தப்பும் கிடையாது.

“ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை,” என்றார் குணசீலன். “வேற தாள் தர்றேன். மாத்தி எழுதச் சொல்லுங்க, முழுசாப் போட்டுட்டுப் போயிடறேன். எனக்கு மட்டும் என்ன ஆசையா, பிள்ளை மார்க்கைக் குறைக்கணும்னு?” வெள்ளைத் தாளைக் கலைமணியின் கையில் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ எலவச சீட்டுங்க சார்” என்று மிஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தெரியாததா? என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாளைப் பிடித்துக்கொண்டு அந்த மேசைவரை நடந்தார். எப்போதும் தடதடவென்று நடக்கிறவர், அன்று காலடிச் சத்தமே இல்லை. நானும் பின்னால் போனேன்.

“சாமி, இதுல வேற எழுதிரு கண்ணு. ஏறிருச்சுன்னு எழுதிரு.”

தனப்பிரியா கிழங்கைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள்.

“எறங்கித்தானுங்க மிஸ் இருக்குது.”

“தெரியும் சாமி.”

“நீங்க சொல்றீங்களா மிஸ், அவங்க சொல்லச் சொன்னாங்களா?”

கலைமணி திரும்பி என்னையோ தேர்வாளரையோ கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. “நாந்தான் சொல்றேன்” என்றார்.

அந்தப் பெண் புதுத் தாளில் தேர்வு எண்ணை எழுதினாள். தலைப்பு எழுதினாள். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எல்லோரும் எழுதுகிற பதிலை அவள் ஒரு நாளும் மனப்பாடம் செய்ததில்லை.

“காரணம் என்னன்னு எழுதறதுங்க மிஸ்?”

இத்தனை வருடத்தில் அந்த அறையில் கலைமணி ஒரு முடிவையும் வாயால் சொல்லி எழுத வைத்ததில்லை. அதற்காகத்தான் அவ்வளவு சண்டையும். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குரலைக் குறைத்துச் சொல்லத்தான் நினைத்திருப்பார். ஆனால் அவருடைய குரல் குறைகிற குரல் இல்லை.

“குழியில் உள்ள சர்க்கரைக் கரைசலின் மட்டம் குண்டூசிக்கு மேலே உயர்ந்துள்ளது. முகவையில் உள்ள நீர், சவ்வின் வழியாகக் கிழங்கினுள் நுழைந்ததே இதற்குக் காரணம்…”

தனப்பிரியா எழுதினாள். அவள் மட்டும் இல்லை. மிஸ் சொல்கிறார் என்றதும், அறையில் அத்தனை தலைகளும் குனிந்தன, எழுதி முடித்தவர்களும் பேனா மூடியைத் திறந்தார்கள். கடைசி மேசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான்.

“மிஸ், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க மிஸ்.”